களத்துத் தார்ப்பாயும் கிளியூர் அருவியும்

கூரை போன ஜீப்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுப் போன வெள்ளைச் சட்டையோடு எங்கள் வீட்டுக்காரர் ஜீப்பின் மேல் ஏறி நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அவர் தங்கை ஜெசி கயிற்றை வீசி வீசிக் கொடுத்தாள். நான் ஒரு வேலையும் செய்யாமல் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கல்யாணமாகி மூன்றே வாரம். அன்றைக்கு என்னைக் கிளியூர் அருவிக்குக் கூட்டிப் போகிறார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அண்ணி, சும்மா சுத்திக்கிட்டே இருக்கீங்களே, அந்த முனையப் புடிங்க!" என்று ஜெசி கத்தினாள்.

பிடித்தேன். தார்ப்பாயில் காப்பி வாசம் அடித்தது, கொஞ்சம் புளிப்பாக. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

போன வாரம் இந்தப் பகுதியில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் கணவர் வாயே திறக்க மாட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். திறப்பார் அம்மா. ஜீப்போடு பேசுவார். மேட்டில் ஏறும்போது "வா சாமி, வா, இன்னும் கொஞ்சம்தான்" என்று அதைக் கெஞ்சுவார். மூன்று வாரத்தில் அந்த ஜீப்போடு அவர் பேசியதில் பாதிகூட என்னோடு பேசியிருக்கவில்லை. ஆனால் நான் அருவி அருவி என்று நச்சரித்ததை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அது எஸ்டேட் ஜீப். மஞ்சக்குட்டை தாண்டி ஒரு மேட்டில் இருந்த சின்னக் காப்பித் தோட்டம். இவர் அங்கே ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவதிலிருந்து, பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பரை ஓட்டுவது, கொட்டையைக் காயவைப்பது, மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றிப் போவது வரை எல்லாம் ரைட்டர் தலையில்தான். முதலாளிக்குச் சேலத்தில் வீடு. திங்கட்கிழமைதான் மலைக்கு வருவார். வேறு நாளில் அவர் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜீப்பின் பழைய கித்தான் கூரையைப் போன மாதத்துக் காற்றில் முறிந்து விழுந்த ஒரு சில்வர் ஓக் கிளை கிழித்துவிட்டது. கார்த்திகை மாதக் கடைசியில், கூரையில்லாத ஜீப்பில், ஏற்காட்டில் ஊர் சுற்றுவதாவது! அப்போதுதான் ஜெசிக்கு ஒரு ரோசனை வந்தது. காப்பிக் களத்தில் தார்ப்பாய் சும்மாதானே மடித்துக் கிடக்கிறது?

அந்த மழை வேறு

சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்துக் கழுவிய காப்பிக்கொட்டையைச் சிமெண்ட் களத்தில் பரப்பி எட்டு நாள், பத்து நாள் காயவைப்பார்கள். அடிக்கடி கிளறிவிட வேண்டும். பாதி காய்ந்த கொட்டையில் மழை விழுந்தால் பூஞ்சை பிடித்துவிடும், நாற்றம் வந்துவிடும், அப்புறம் அதை மாடுகூடச் சீந்தாது. அதனால் வானம் கறுத்தவுடனே கொட்டையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள்.

களத்துத் தார்ப்பாய் களத்தை விட்டு நகரக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் முழ உயரத்துக்குக் 'களம்' என்று எழுதச் செய்திருந்தார்.

இவருக்கு முன்னால் இருந்த ரைட்டர் ஒருநாள் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மழை வந்து காப்பி நனைந்துவிட்டதாம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அந்தக் குடும்பம் சட்டி பானையோடு பஸ் ஏறியது. அவர்கள் காலி செய்த வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். அவர்கள் குழந்தை சமையலறைச் சுவரில் கரியால் கிறுக்கிய கோழி அப்படியே இருந்தது. மூன்று வாரமாக அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தவள் நான். அதனால் கேட்டேன்.

"ஏனுங்க, நாம போனதுக்கு அப்பறம் இங்க மழ வந்துச்சுன்னா?"

ஜீப் மேலிருந்து அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அங்க பெய்யிற மழ வேற. இங்க பெய்யிற மழ வேற."

"அப்படீன்னா?"

"ஏரிப் பக்கம் பெஞ்சா நம்ம மேட்டுக்குப் பெய்யாது. பன்னெண்டு வருசமாப் பாக்கறேன்."

ஜெசி தலையை ஆட்டி ஆமோதித்தாள். நான் ஆத்தூரில் பிறந்தவள். எங்கள் ஊரில் மழை என்றால் ஊருக்கே ஒரே மழை. இந்த மலைக்காரர்களோ ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனியாக ஒரு வானம் வைத்திருந்தார்கள். மழை கிளியூரில் பெய்தால் நமக்குத் தார்ப்பாய் வேண்டும். நமக்குப் பெய்தால் காப்பிக்குப் பெய்யாது. ஆகவே தார்ப்பாயை எடுத்துப் போவதே சரி. பன்னிரண்டு வருஷம் காப்பியோடு கிடந்த மனிதர், மலையிலேயே பிறந்து வளர்ந்த தங்கை, இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த ஞாயம் இது. எனக்கும் அருவி ஆசை. வாயை மூடிக்கொண்டேன்.

"எழுத்து வெளிய தெரியாமத் திருப்பிக் கட்டுண்ணா. டவுன்ல யாராச்சும் படிச்சு முதலாளிகிட்ட வத்தி வச்சுருவாங்க" என்றாள் ஜெசி. அவர் எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி திருப்பிக் கட்டினார்.

புறப்படுகிற நேரத்தில் களத்திலிருந்து வெள்ளச்சியக்கா ஓடி வந்தாள். பழம் பறிக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. எப்போதும் ஒரு பக்கக் கன்னத்தில் வெற்றிலை அடக்கியிருப்பாள். அவள் கூப்பிட்டால் செம்மநத்தம் வரைக்கும் கேட்கும்.

"ரைட்டரே, தார்ப்பாய எங்கீங்க கொண்டுக்கிட்டுப் போறீங்க?"

"உச்சிப்பொழுதுக்குள்ள வந்துருவோம் வெள்ளச்சி. வானத்தப் பாரு, பால் மாதிரி கெடக்குது."

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, புது அம்மிணி ஆசைப்படுது. போய்ட்டு வாங்க."

ஒரு வளைவுக்கு ஒரு வானம்

ஆகா, அந்தப் பயணம்! ஜீப்பின் தரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கீழே ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நானும் ஜெசியும் பின்னால் உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாக ஆரஞ்சுத் தோலைப் போட்டுக்கொண்டே வந்தோம்.

மஞ்சக்குட்டையில் நுழைந்ததும் பொலபொலவென்று தூறல். தார்ப்பாயில் தாளம் போட்டது. "பாத்தீங்களா, பாத்தீங்களா! என் ரோசனை எப்படி?" என்று ஜெசி என் தொடையில் அடித்தாள். அடுத்த வளைவு திரும்பினோம், பளீரென்று வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. நான் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தேன். அங்கே இன்னும் தூறிக்கொண்டிருந்தது! இவர் சொன்னது நிஜம்தான் போல என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு குறுகலான இடத்தில் எதிரே வாழவந்தி ஊருக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வந்தது. உள்ளேயும் வெளியேயுமாக இருபது பேர் தொங்கினார்கள். யார் பின்னால் போவது என்று இரண்டு ஜீப்பும் மூக்கோடு மூக்கு நின்றன. கடைசியில் இவர்தான் பின்னால் எடுத்தார். தாண்டிப் போகும்போது அந்த டிரைவர், "என்னங்க ரைட்டரே, கண்ணாலம் ஆனதும் கூரையெல்லாம் புதுசாயிருக்குது!" என்று கத்தினார். இருபது பேரும் சிரித்தார்கள். இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். நான் சூட்டோடு கடித்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு தவித்தேன். இவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பஜ்ஜியை வாங்கி ஊதிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குள் ஏரி மேல் பனி இறங்கி, படகு, மரம், பஜ்ஜிக்கடை எல்லாவற்றையும் மூடிவிட்டது. பஜ்ஜிக்காரர் பனிக்குள்ளிருந்து, "இன்னொரு தட்டு போடட்டுங்களா?" என்று கேட்டார். குரல் மட்டும்தான் வந்தது.

இறக்கம்

ரோடு முடிகிற இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். இறக்கம் என்றால் அப்படியோர் இறக்கம். இப்போது படி, கைப்பிடி எல்லாம் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். அப்போது வெறும் பாறையும் வேரும்தான். நான் புதுச் செருப்பு போட்டுப் போயிருந்தேன், மடைச்சி. பத்தடி போவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தடவை உட்கார்ந்தபடியே சறுக்கி இவர் முதுகில் போய் மோதினேன்.

"செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்க" என்றார். கழற்றினேன். வெறுங்காலில் அட்டை ஏறியது. எனக்கு அட்டையைப் பார்த்துப் பயமில்லை; ஆத்தூர் வயலில் இல்லாத அட்டையா? ஜெசிதான், மலையில் பிறந்தவள், "அய்யோ, ஆண்டவரே, மாதாவே!" என்று ஒற்றைக் காலில் குதித்தாள். இவர் சட்டைப்பையிலிருந்து பொட்டலம் கட்டிய உப்பை எடுத்து நிதானமாக அவள் காலில் தடவினார்.

பாதி வழியிலேயே சத்தம் கேட்க ஆரம்பித்தது. இறங்க இறங்கச் சத்தம் பெருத்தது. அடியில் போய் நின்றால் சத்தம் காதை அடைக்கிறது, அருவியைக் காணோம்! வெள்ளையாகப் பனி மட்டும் நிற்கிறது. முகத்தில் சாரல் வந்து அடிக்கிறது. "எங்கீங்க? எங்க இருக்குது?" என்று நான் கத்தினேன். "உம் முன்னாலதான்!" என்று இவர் கத்தினார். நான் கையை நீட்டித் துழாவினேன். ஜெசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காத்துக்கொண்டு நின்றோம். திடீரென்று மேலேயிருந்து ஒரு காற்று. பனி அப்படியே ஒரு பக்கமாக ஒதுங்கியது. அம்மாடி! அண்ணாந்தேன், அண்ணாந்தேன், கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் பாறையில் விழுந்து, தெறித்து, மறுபடி விழுந்து வந்தது. வெயில் பட்டவுடன் சாரலில் வானவில் வந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. 'ஓ'வென்று கத்தினேன். கல்யாணமான பெண் கத்தலாமா என்றெல்லாம் யோசிக்கவே இல்லை. அருவிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது?

"மெர்சி!" என்று பக்கத்தில் ஒரு குரல். இவர்தான். மூன்று வாரத்தில் முதன்முதலாக என் பெயரைச் சொன்னார். அதுவும் தொண்டை கிழிய. "மெர்சி! நல்லாருக்குதா?"

"நொம்ப நல்லாருக்குதுங்க!"

அவர் சட்டையோடு தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நானும் போனேன். ஜெசி அட்டையை மறந்து ஓடி வந்தாள். எவ்வளவு நேரம் குளித்தோம் என்று தெரியாது. உச்சிப்பொழுது எப்போதோ தாண்டியிருந்தது.

நம்ம மேடு

ஏறி வந்து ஜீப்பைப் பார்த்தோம். தார்ப்பாய் மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. தலைக்கு மேலே நீல வானம். ஜெசி பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

ஏரிக்கு ஏறுகிற வளைவில் மரங்கள் விலகிய இடத்தில் இவர் சட்டென்று ஜீப்பை நிறுத்தினார். கையை நீட்டினார். தூரத்தில், மற்ற மேடெல்லாம் வெயிலில் பளபளக்க, ஒரே ஒரு மேட்டின் மேல் மட்டும் கருகருவென்று மேகம் கவிந்து நின்றது. அடியில் சாம்பல் நிறத்தில் மழைக்கால் இறங்கிக்கொண்டிருந்தது.

"அது நம்ம மேடா?" என்றேன்.

"நம்ம மேடுதான்."

ஜெசி பாட்டை நிறுத்திவிட்டாள். மேலே கட்டியிருந்த தார்ப்பாயை மூன்று பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். 'களம்' என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தது.

எனக்குச் சுவரில் இருந்த கரிக்கோழி ஞாபகம் வந்தது. இனி நம் சட்டி பானையும் பஸ் ஏற வேண்டியதுதான். மூன்று வாரத்தில் வேலையைக் காவு கொடுத்த பெண்டாட்டி என்று ஊர் பேசும். இவருக்கு இந்த மலையை விட்டால் வேறு ஊர் தெரியாது. என் அருவி ஆசைக்கு இப்படியா வந்து விடிய வேண்டும் என்று நினைத்தேன்.

இவர் ஜீப்பை மிதித்தார். "வா சாமி, வா சாமி" என்பதெல்லாம் போய், "போடா! போடா!" என்று அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

குடை பிடித்தவர்

டவுனைத் தாண்டி மூன்றாவது வளைவில், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு அம்பாசடர் புகை விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் வெயிலுக்குக் குடை பிடித்தபடி ஒருவர் நின்றார். வெள்ளை வேட்டி, தங்க ஃபிரேம் கண்ணாடி.

"செத்தோம்" என்றார் இவர், மெதுவாக.

முதலாளி! மறுநாள் சேலத்தில் ஒரு விசேஷமாம். அதனால் ஒருநாள் முன்னாலேயே மலையேறிவிட்டார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ரைட்டரே! நல்லவேளை. நான் வர்றது எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

இவர் தலையைச் சொறிந்தார். முதலாளி குடையை மடக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காருக்குக் காவலாக டிரைவரை நிறுத்திவிட்டு, "போலாம்" என்றார்.

அவர் தலைக்கு நேர் மேலே 'ம்'. சற்றுப் பின்னால், எங்கள் தலைக்கு மேலே 'க', 'ள'. எழுத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொன்ன மகராசி என் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி இருக்கையில் சாய்ந்து தலையை மேலே தூக்கப் போனார்.

"முதலாளி, காட்டெருமை!" என்று ஜெசி அலறினாள். "அங்க, அந்தப் பக்கம்!"

முதலாளி வெளியே எட்டிப் பார்த்தார். "எங்கம்மா?"

"போயிருச்சுங்க."

இரண்டு வளைவு போனது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார். "அதோ, இன்னொண்ணு!" என்றாள் ஜெசி. அவர் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பசுமாடு மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாகக் கிளம்பி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மஞ்சக்குட்டை தாண்டியதும் மழை பிடித்தது. மழையா அது! குடம் குடமாகக் கவிழ்த்தது. தார்ப்பாய் மேல் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. இந்த நிமிஷம் களத்தில் கொட்டை மிதந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். முதலாளி மேல் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. அவரும் அதைக் கவனித்தார். தலையைத் தூக்கினார்.

"முதலா..." என்று ஜெசி ஆரம்பித்தாள். காட்டெருமை அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவர் நிதானமாக 'ம்' படித்தார். திரும்பிப் பின்னால் பார்த்துக் 'க', 'ள' படித்தார். அப்புறம் முன்னால் திரும்பிக்கொண்டார்.

"வேகமாப் போங்க ரைட்டரே" என்றார் முதலாளி.

தகரம்

எஸ்டேட் வாசலுக்குப் போவதற்குள் மழை நின்றுவிட்டது. போதாக்குறைக்கு வெயில் வேறு அடித்தது. களத்தைச் சுற்றித் தண்ணீர் வாய்க்கால் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் நிற்பதற்குள் இவர் குதித்து ஓடினார். நானும் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

களத்தின் நடுவில் ஒரு பெரிய குவியல். அதன் மேல் தகரம், தகரமாக அடுக்கியிருந்தது. ஓட்டை விழுந்த தகரம், கரி பிடித்த தகரம், ஆட்டுப் புழுக்கை ஒட்டிய தகரம். காற்றில் பறந்துவிடாமல் இருக்க அந்தத் தகரங்களின் மேல் பதினைந்து பதினாறு பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தலையிலிருந்து கால் வரை ஒட்ட நனைந்து, பல் தந்தியடிக்க, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உச்சியில் வெள்ளச்சியக்கா.

ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலும் சமையல் சாய்ப்புக்கு மேலே கூரை இல்லை. மழை வந்ததும் தங்கள் வீட்டுத் தகரத்தையே பிரித்து எடுத்துவந்து காப்பியை மூடியிருக்கிறார்கள். எங்கள் வீட்டையும் விடவில்லை. காலையில் நான் கூட்டி வைத்துவிட்டுப் போன கறிக்குழம்புச் சட்டியில் மழைத்தண்ணீர் விளிம்பு வரை நின்றது. சுவரில் இருந்த கரிக்கோழி கரைந்து போயிருந்தது.

முதலாளி மெல்ல நடந்து வந்தார். பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். வெள்ளச்சியக்கா தகரத்தின் மேலிருந்தே கும்பிட்டாள்.

"முதலாளி, தார்ப்பாய் கிழிஞ்சு போச்சுங்க. ரைட்டர் தைக்கக் குடுத்திருக்காருங்க. பாவம், நல்ல மனுசன்."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு ஜீப் கண்ணில் பட்டது. தார்ப்பாய் அதன் மேல் ஜம்மென்று உட்கார்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இவர் முன்னால் வந்து நின்றார்.

"தைக்கக் குடுக்கலீங்க முதலாளி. எஞ் சம்சாரம் அருவி பாக்கணும்னுது. நாந்தான் தார்ப்பாயக் கட்டிக் கூட்டிக்கிட்டுப் போனேன். இவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் என்னுது."

இவ்வளவு நீளமாக அவர் சேர்ந்தாற்போல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. போனால் போகட்டும், எங்கே வேண்டுமானாலும் இந்த மனுஷனோடு பஸ் ஏறலாம் என்று தோன்றியது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

முதலாளி ஒரு தகரத்தைத் தூக்கச் சொன்னார். உள்ளே கை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி கொட்டையை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். 'டக்'கென்று சத்தம் கேட்டது; நனைந்த கொட்டை அப்படி உடையாது. இன்னொரு பக்கம் போய் இன்னொரு பிடி எடுத்துக் கடித்தார். அங்கேயும் 'டக்'. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் நனைந்திருந்தது. அதைக் காலால் தனியே ஒதுக்கினார்.

"ஜீப் சாவி" என்று கையை நீட்டினார்.

இவர் கொடுத்தார்.

"இனி ஞாயித்துக்கிழம ஜீப் நகரக்கூடாது. எங்க போறதுன்னாலும் நடந்து போங்க." பிறகு தகரத்தின் மேலிருந்த பெண்களைப் பார்த்தார். "மொதல்ல இவங்க ஊட்டுக் கூரையப் போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலையில கொட்டையத் திருப்பிப் பரப்பிருங்க."

'நாளைக்கு' என்றார்! நாளைக்கு வேலை உண்டு! ஜெசி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இவர் அப்படியே களத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி எஸ்டேட் ஆபீஸ் அறைக்குள் போனதும் பெண்கள் திபுதிபுவென்று இறங்கி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருத்தியும் பேசவில்லை. வெள்ளச்சியக்கா என் ஈரக்கையைப் பிடித்தாள்.

"கண்ணு, அருவி எப்படி இருந்துச்சு?"

"ஏங்க்கா, நீங்க பாத்ததில்லையா?"

"நாங்க எங்க கண்ணு போறோம்? நல்லாத் தண்ணி உழுகுற காலத்துலதான் களத்துல காப்பி கெடக்குமே."

அவளுக்கு நாற்பது வயசுக்கு மேலிருக்கும். அந்த மலையிலேயே பிறந்தவள். ஒருத்தியும் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூரையைப் பிரித்து எங்களைக் காப்பாற்றியவர்கள் ஆயிற்றே. கையை ஆட்டி, காலை ஆட்டி, இத்தனை உயரம், இவ்வளவு சத்தம் என்று ஏதோ காட்டினேன். அவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வந்தும் வராமலும் இருக்கும்போதே நானும் ஜெசியும் அந்தப் பெண்களும் கிளம்பினோம். போக வர முழுக்க நடை. கட்டுச்சோறு மட்டும் இரண்டு கூடை. வழியில் இரண்டு தடவை நனைந்தோம், மூன்று தடவை காய்ந்தோம். வாழவந்தி ஜீப்காரர் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்.

களத்துக்குக் காவலாக இவர் ஒருத்தர்தான் இருந்தார். தார்ப்பாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அருவியைப் பார்த்ததும் வெள்ளச்சியக்கா கன்னத்தில் இருந்த வெற்றிலையைத் துப்பினாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அப்புறம் நேராகப் போய் அருவிக்கு அடியில் நின்றுகொண்டு, செம்மநத்தம் வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் ஒரு கூச்சல் போட்டாள். அவ்வளவுதான், மற்றவர்களும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

மத்தியானம் திரும்பியது. கட்டுச்சோறு தீர்ந்தது. எங்கள் மேட்டுப் பக்கமிருந்து லேசாக இடி உறுமியது. "அக்கா, இடி இடிக்குது, போலாமுங்க! காப்பி கெடக்குது!" என்று கரையில் நின்று கத்தினேன்.

வெள்ளச்சியக்கா தண்ணீருக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"இரு கண்ணு! மழ வந்தா ரைட்டர் பாத்துக்குவாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் அருவிக்குள் போய்விட்டாள்.